சூட்டு உடம்பு

காளான் மாதிரி என்றுதானே அந்த டாக்டரம்மா சொன்னாள், மழை விட்ட மறுநாள் ஏரிக்கரையில் குடை பிடித்துக்கொண்டு நிற்குமே அது மாதிரி, ஒரு காம்பு, காம்புக்கு மேலே ஒரு தலை, ஆனால் முளைத்த இடம் ஏரிக்கரை இல்லை, வேதகிரியின் பெருங்குடல், அறுபத்து நாலு வருஷமாகச் சோறும் குழம்பும் கருவாடும் போன பாதை, அதில் கேட்பார் இல்லாமல் ஏறி உட்கார்ந்திருக்கிறது... முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக விசில் ஊதியவன் வயிற்றுக்குள்ளேயே டிக்கெட் எடுக்காத நாலு பேர், எந்த ஸ்டாப்பிங்கில் ஏறினார்கள் என்றே தெரியாமல், இதை டிப்போவில் சொன்னால் சிரித்தே செத்துப்போவான்கள் என்று நினைத்ததும் வேதகிரிக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தம்மா காளானோடு நிறுத்தவில்லை. "இதுக்குப் பேர் பாலிப் ஐயா. எல்லாமே கெட்டதா மாறாது. ஆனா சிலது, விட்டு வெச்சா, வருஷக்கணக்குல மெதுவா புத்துநோயா மாறும்." மகள் வயசு கூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு, சாயங்காலம் மழை வரலாம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நாலையும் எடுத்தாகிவிட்டதாம், எடுத்துவிட்டால் அது இனி மாற வழியில்லையாம், மூன்று மிளகு அளவு, ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிசு, சுண்டைக்காய் அளவு, அதற்குள் ஏற்கனவே ஏதாவது ஆகியிருக்கிறதா என்று பார்க்க டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்களாம், அடுத்த வாரம் வந்தால் தெரியுமாம். சுண்டைக்காய்! வேதகிரியைக் கொல்ல வருகிறவன் ஒரு பலாப்பழம் அளவாவது இருக்க வேண்டாமா?

பஸ் காஞ்சிபுரத்தை விட்டுப் பாலாற்றுப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் மனைவி பாக்கியமேரி, மடியில் ஆஸ்பத்திரி ஃபைல், அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள், காற்றில் பறந்துவிடுமாம், ஜன்னல் மூடித்தான் இருக்கிறது. மயக்க ஊசி இன்னும் முழுசாக இறங்கவில்லை, ஆறு ஆறாகத் தெரியவில்லை, மணலும் நாணலும் யாரோ இழுத்துக்கொண்டு போகிற துணி மாதிரி ஓடுகிறது. நேற்று பூராவும் குடலைக் கழுவ அந்த உப்புத் தண்ணி... இரண்டு லிட்டர் என்று பாட்டிலில் போட்டிருந்தது, பொய், உத்திரமேரூர் ஏரியில் முக்கால்வாசி அதற்குள் இருந்தது, மதகைத் திறந்துவிட்ட மாதிரி அல்லவா போயிற்று, இருபது தடவை என்று மேரி விரல் விட்டு எண்ணினாள், மகன் ஜான்சனிடம் போனில் நாற்பது என்று சொன்னான் வேதகிரி, நாளைக்கு டீக்கடையில் எழுபது ஆகும், அதற்கு என்ன, இருபது என்று சொன்னால் எவன் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பான்? ஆனால் புற்றுநோய்... அதை எப்படிப் பெரிசாக்குவது? அது ஏற்கனவே போதுமான அளவுக்குப் பெரிசாக இருக்கிறதே. வாழ்நாளில் முதல் தடவையாக வேதகிரியின் கையில் ஒரு சங்கதி கிடைத்திருக்கிறது, அதில் ஒரு பிடி கூடச் சேர்க்க இடமில்லை.

ஒரு கேள்வி கேட்டாளே டாக்டரம்மா, பேனாவைப் பேப்பரில் வைத்துக்கொண்டு, உங்க குடும்பத்துல யாருக்காவது குடல்ல கேன்சர் இருந்துச்சா ஐயா, அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க... வேதகிரி நெஞ்சை நிமிர்த்தி, நிமிர்த்த முடியாதபடி முதுகுப் பக்கம் கயிறு கட்டின அந்தப் பச்சைச் சட்டையில் இருந்தான், ஆனாலும் நிமிர்த்தி, எங்க வம்சத்துலயே அந்தப் பேச்சு கெடையாதும்மா, எல்லாம் இரும்பு, எங்கப்பாரு கல்லைத் தின்னாலும் கரைச்சுடுவாரு என்றான். அவள் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று ஒரு டிக் போட்டாள். மூலத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, மூலம் ஒரு வியாதியா? அது அவர்கள் வீட்டில் பரம்பரையாக வருவது, சிலர் வீட்டில் வழுக்கை வருகிற மாதிரி. அப்பா ஏகாம்பரத்துக்கு நாற்பதில் வந்தது, நடவுக்குப் போய்விட்டு வந்து வரப்போரம் உட்கார்ந்தால் ரத்தம், என் ஒடம்பு சூட்டு ஒடம்புடா, நெல்லை மேல கொட்டினா பொரியும் என்பார், வேட்டியைத் துவைக்கிற அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள்... துத்தி இலையைச் சின்ன வெங்காயத்தோடு வதக்கித் தின்றார், கருணைக்கிழங்கு தின்றார், ஐம்பத்திரண்டில் ஒரு நாள் கொடி மாதிரி ஆகிப் போய்ச் சேர்ந்தார். அக்கா கோவிந்தம்மாளுக்கும் அதே. அவளும் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. மூலம் முத்திப்போச்சி என்றார்கள். முத்திப்போச்சி. மூலம் எங்கேயாவது முத்துமா, அது என்ன முருங்கைக்காயா, என்று அப்போது யாருமே கேட்கவில்லையே... ஏன் கேட்கவில்லை?

தனக்கு வந்தபோது வேதகிரி எவ்வளவு தெளிவாக இருந்தான்! பஸ்ஸில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் வருவதுதான், இன்ஜின் சூடு, டிப்போவில் டிரைவர்களில் பாதிப் பேருக்கு இது உண்டு, வேட்டியை நாலாக மடித்துச் சீட்டில் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவான்கள். வேதகிரிக்கு வம்சச் சூடு ஒரு பங்கு, இன்ஜின் சூடு ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்தால் சோறு வடிக்கலாம். பெருநகர் ஊருக்குப் போகிற டிரிப்பில் எந்த வேலியில் துத்தி தழைத்திருக்கும் என்று அவனுக்கு அத்துப்படி, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பறிப்பான், பயணிகள் காத்திருப்பார்கள், கண்டக்டருக்கு மருந்து என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒரு தடவை டிரைவர் நமச்சிவாயம் ரகசியமாக, காதோடு காதாக, எனக்கும் நேத்துலேர்ந்து ரத்தம் போவுதுப்பா என்றார், அவ்வளவுதான், வேதகிரி நீளமாக ஒரு விசில் ஊதி, எல்லாரும் கேட்டுக்கோங்க, நம்ம டிரைவரண்ணனுக்குச் சூடு, யாருகிட்டயாச்சும் மோர் இருந்தா முன்னாடி அனுப்புங்கோ என்று கூவ, வண்டியே குலுங்கியது, ஒரு கிழவி நிஜமாகவே தூக்குச்சட்டியில் மோரை அனுப்பினாள். நமச்சிவாயம் அப்புறம் மூன்று நாள் இவனோடு பேசவில்லை. பிறகு துத்தி இலையை வாங்கிக்கொண்டார். அவருக்கு அது வெறும் மூலமாகவே இருந்திருக்கும், இருந்திருக்க வேண்டும், இப்போதும் பேரப்பிள்ளைகளோடு வாலாஜாபாத்தில் நன்றாகத்தானே இருக்கிறார்... நன்றாகத்தான் இருக்கிறாரா?

சூடு என்றால் இறங்குமே, மோர் குடித்தால் இறங்க வேண்டும், இவனுக்கு ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, போன சித்திரையில் பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தவன் பழத்தின் மேலேயே விழுந்தான், உடம்பில் ரத்தம் பாதிதான் இருக்கிறது என்று உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் சொல்லி, இது எங்கே போகிறது என்று பார்க்கணும், காஞ்சிபுரம் போங்க என்று எழுதிக் கொடுத்தார்கள். போக மாட்டேன் என்று இரண்டு மாசம் அழிச்சாட்டியம். அங்க கேமராவ உள்ள வுடுவாங்களாம், நம்ம வூட்டுக் கல்யாணத்துக்கே கேமரா வெக்கல என்று ஊரெல்லாம் சிரிக்க வைத்தான். மேரி மட்டும் சிரிக்கவில்லை. சண்டை போட்டாள், சோறு வைக்க மாட்டேன் என்றாள், ஒரு நாள் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள், நீ போவலன்னா நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன் என்றாள். முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் அப்படி அழுது பார்த்ததே இல்லை. மூலத்துக்கா ஒருத்தி இப்படி அழுவாள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அதையும் ஒரு கதையாக்கி டீக்கடையில் சொல்லி முடித்தாயிற்று.

"உள்ள இன்னாதான் கேட்டாங்க? என்னை வெளிய ஒக்கார வெச்சுட்டாங்களே" என்றாள் மேரி இப்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. சொன்னான். காளான், சுண்டைக்காய், மெதுவா, அடுத்த வாரம். அப்புறம் அந்தக் கேள்வி, அப்பாரு கல்லைக் கரைச்ச பதில், டாக்டரம்மா சிரிச்ச சிரிப்பு. மேரி சிரிக்கவில்லை. பஸ் மாகறலில் நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள், ஒரு பெண் பூக்கூடையோடு ஏறினாள், புதுக் கண்டக்டர் விசிலைச் சோம்பேறித்தனமாக ஊதினான், வண்டி நகர்ந்தது, அதற்கப்புறம்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"இல்லன்னா சொன்ன?"

"இல்லாதத இல்லன்னுதான சொல்லணும்?"

"ஒங்கக்காவுக்கு வந்தது மூலம் இல்லய்யா."

"பின்ன?"

"குடல்ல கேன்சரு. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில எழுதியே குட்த்தாங்க. நாந்தான இருவது நாளு கூடக் கெடந்தேன்."

வேதகிரிக்கு முதலில் காதுதான் அடைத்தது. மலையில் வண்டி ஏறினால் அடைக்குமே அப்படி, இது வெறும் செய்யாற்றுப் பாலம்தான். பதினாலு வருஷம். அக்கா செத்துப் பதினாலு வருஷமாக, மூலத்துல பூட்டா, பாவம், சூட்டு ஒடம்பு, என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பான், சொல்லச் சொல்ல மெருகேற்றி, கடைசி நாளில் அவள் படுத்த பாய் கொதித்தது என்று கூடச் சொல்லியிருக்கிறான், யாரோ ஒருத்தர் நம்பினார் வேறு. பாய் கொதிக்கவில்லை. அக்கா வயிற்றுக்குள் காளான் முளைத்து, அதை ஒருத்தரும் எடுக்காமல், அது மெதுவாக, வருஷக்கணக்கில்... அப்படியானால் அப்பா? வரப்போரம் உட்கார்ந்த அப்பா, நெல்லைக் கொட்டினால் பொரியும் என்ற அப்பா, அந்த வேட்டி... அந்த வேட்டியை அம்மா ஏன் யாருக்கும் காட்டாமல் ஏரியின் கோடிக்குப் போய்த் துவைத்தாள்? "எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கேட்டான், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மேரி தலையைக் குனிந்துகொண்டாள். அகிலாவுக்கு அப்பதான் மாப்ள பாத்துக்கினு இருந்தாங்க, அம்மாவுக்கு அந்த வியாதின்னா பொண்ண எவன் கட்டுவான், அதான் கையடிச்சு சத்தியம் வாங்குச்சி ஒங்கக்கா, மூலம்னே சொல்லிடுன்னு... அக்கா மகள் அகிலாவுக்குக் கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளை, மூத்தது எட்டாவது படிக்கிறது, சத்தியம் என்னவோ அப்படியே பத்திரமாக இருக்கிறது. "நீ மயங்கி வுயுந்தியே, அன்னிக்கே எனக்கு உசுரு பூட்ச்சி. சத்தியத்தையும் மீற முடியல, உன்ன சும்மா வுடவும் முடியல." அந்த அழுகை அதற்குத்தானா... டீக்கடையில் ஏழு பேர் அந்த அழுகைக்குச் சிரித்தார்களே.

அப்புறம், அதிர்ச்சியில் இத்தனை நேரம் தள்ளிப்போட்டிருந்தது வந்தது. ஜான்சன். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, முப்பத்தெட்டு வயசு, போன பொங்கலுக்கு வந்திருந்தபோது கரும்பு கடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று, நைனா, எனக்கும் அது வருது என்றான். எது என்று கேட்கவே தேவையில்லை அந்த வீட்டில். வேதகிரி என்ன செய்தான்? எழுந்து போய்க் கட்டிப்பிடித்தான். மேரி, வா வா, உன் புள்ள பாஸ் பண்ட்டான், ஏகாம்பரம் வம்சம்தான்டா நீ, எனக்கு இருந்த சந்தேகமே தீர்ந்துச்சி என்று கூவினான், மருமகள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள், ஜான்சன் சிரித்தான். சிரித்தானா? கரும்பு ஞாபகம் இருக்கிறது, கணுவில் சுண்ணாம்பு மாதிரிப் படிந்திருந்த வெள்ளை ஞாபகம் இருக்கிறது, முகம் ஞாபகம் இல்லை, கட்டிப்பிடித்தால் முகம் எப்படித் தெரியும்? மறுநாளே ஒரு கட்டுத் துத்தி பறித்து, ஈரத் துணியில் சுற்றி, ஒரகடம் போகிற பஸ்ஸில் தெரிந்த டிரைவரிடம் கொடுத்தனுப்பினான், மாசாமாசம் அனுப்பினான். அப்பாவுக்கு நாற்பதில் வந்தது, ஐம்பத்திரண்டில் போனார். ஜான்சனுக்கு முப்பத்தெட்டு. கூட்டிக் கழிக்க வேண்டாம், வேண்டவே வேண்டாம்... போனை எடுத்தான், விரல் மூன்று தடவை வேறு யார் யார் பெயரிலேயோ போய் விழுந்தது.

"இன்னா நைனா, முடிஞ்சுதா? நானே போன் பண்லாம்னு இருந்தேன், இப்பதான் சாப்பாட்டுக்கு வுட்டாங்க" என்றான் ஜான்சன். பின்னால் தட்டுச் சத்தம், யாரோ ஊறுகாய் கேட்கிறான்.

"டேய் ஜான்சா, பதினோரு கட்டிடா! ஒவ்வொண்ணும் எலுமிச்சம்பழம் சைசு, டாக்டரே பயந்துட்டாங்க, அது அப்டியே கேன்சரா..."

"நைனா, வுடாத. நேத்து நாப்பது வாட்டின்ன, அம்மா இருவதுன்னாங்க."

"அய்யோ, நெசமாடா!"

"சரி சரி, எலுமிச்சம்பழம். ஊறுகா போட்டுக் குடு." அந்தப் பக்கம் சிரிப்பு. "எனுக்கு இப்ப நின்னுபோச்சி தெரியுமா? உன் எலை சூப்பரு நைனா, ஒரு மாசமா ஒண்ணும் இல்ல."

நின்றுபோயிற்றாம். வேதகிரிக்கும் நின்றிருக்கிறது, மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் துத்திக்கு ஒரு விழாவே எடுத்தான், உள்ளே சுண்டைக்காய் தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. ரத்தம் வரும், நிக்கும், நின்னா சரியாப்போச்சின்னு அர்த்தம் இல்ல ஐயா என்று டாக்டரம்மா சொன்னாளே... ஏன் பதினொன்று என்றான்? நாலு. நாலு என்று சொல்ல வாயைத் திறந்தான், பதினொன்று வந்து விழுந்தது, தும்மல் மாதிரி, யார் கேட்டார்கள் பதினொன்றை? நம்பவைக்க வேண்டிய ஒரே நாளில் போய்... மேரி கை நீட்டிப் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஜான்சா, அம்மா பேசறேன். நைனாவுக்கு நாலு எட்த்துருக்காங்க. கோவிந்தம்மா அத்தைக்கு வந்தது மூலம் இல்லடா, குடல் கேன்சரு. தாத்தாவுக்கும் அதான் இருக்கும். உனுக்கும் இதே டெஸ்ட் எடுக்கணும், திங்கக்கெயம லீவ் போடு, டாக்டருகிட்டயும் நான் உண்மையச் சொல்லணும்." எவ்வளவு சின்னச் சின்ன வார்த்தைகள். ஒரு ஸ்டாப்பிங்கிலிருந்து அடுத்த ஸ்டாப்பிங் வருவதற்குள் முடிந்துவிட்டது. தட்டுச் சத்தம் நின்றது, ஜான்சன் சரிம்மா என்றான். ஒரு கேள்வி இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக வேதகிரி சொன்ன எதற்கும் அவன் இப்படி ஒரு சரி சொன்னதில்லை.

பஸ் உத்திரமேரூருக்குள் நுழைந்து ஸ்டாண்டில் திரும்பிக்கொண்டிருந்தது, எல்லோரும் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். பொங்கலன்றே கேட்டிருக்க வேண்டிய ஒன்றை, கட்டிப்பிடிக்கிற அவசரத்தில் கேட்காமல் விட்டதை, வேதகிரி போனைத் திரும்ப வாங்கிக் கேட்டான். "எப்பலேந்துடா ரத்தம் வருது உனுக்கு?" "கல்யாணத்துக்கு முன்னாடிலேந்தே நைனா." கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம். "பொங்கலுக்குத்தானடா சொன்ன?" "ஆமா, பொங்கலுக்குத்தான் சொன்னேன்... உங்கிட்ட சொன்னா பஸ்ஸு பூரா தெரிஞ்சுடுமே நைனா. அதான்." கோபமாகச் சொல்லியிருந்தால் திட்டியிருக்கலாம். அவன் கோபமாகச் சொல்லவில்லை, குழந்தையிடம் ஊசி குத்தியதற்கு அப்புறம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னான், அப்புறம், சைரன் அட்ச்சிட்டாங்க, சாயந்தரம் பேசறேன், நீ ஒயுங்கா சாப்டு நைனா என்று வைத்துவிட்டான்.

ஒன்பது வருஷம். மெதுவா, வருஷக்கணக்குல... வண்டி காலியாகிக்கொண்டிருந்தது, பூக்கூடை இறங்கியது, முன் சீட்டுக்காரர் இறங்கினார். மேரி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அக்காவின் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். அகிலாவுக்குத் தெரியாமல் இருக்குமா, அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தவள். பெருநகரில் கட்டிக்கொடுத்த தங்கச்சி சிட்டம்மாளும் அந்த இருபது நாளில் நாலைந்து தடவை செங்கல்பட்டுக்குப் போய்வந்தாளே, கேட்டபோதெல்லாம் மூலம்தாண்ணா மூலம்தாண்ணா என்று இரண்டிரண்டு தடவை சொன்னாளே... "மேரி" என்றான், எழுந்திருக்காமல், கண்டக்டர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "அக்கா கையடிச்சு வாங்குச்சே சத்தியம், யாருகிட்டயும் சொல்லாதன்னு வாங்குச்சா... இல்ல, எங்கிட்ட மட்டும் சொல்லாதன்னா?"

மேரி அவன் கைக்குள் தன் கையைக் கொடுத்து, "எறங்குய்யா, வண்டியத் திருப்பணுமாம்" என்றாள்.